சாட்சிக் குப்பி

"எம் புருஷன் வாயில சாராயத்த ஊத்துனது நீதான்டா! உசுரோட இருந்தப்ப ஒரு சொட்டு தொடாத மனுஷன், செத்தப்புறம் நீ பேனாவால ஊத்துன!"

தண்ணி ஆபீசு வராந்தாவுல, அத்தன பேரு முன்னால, சூப்பிரண்டப் பாத்து அவ கத்துனது இது. புருஷன் செத்து இருபது நாளுதான் ஆகுது. சூப்பிரண்டுக்கு எப்பவும் சிரிச்ச மூஞ்சி. எழவு வீட்டுக்கு வந்தாலும் அந்தாளு பல்லு உள்ள போகாது. அன்னைக்கும் சிரிச்சுக்கிட்டே, "துக்கத்துல பேசுது, விடுங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க அதுக்கு"ன்னான். "உன் தண்ணிய நீயே குடி"ன்னு டம்ளரத் தட்டிவிட்டா. அது சுவத்துல போயி மோதி நெளிஞ்சுது.

அவ புருஷனும் அதே ஆபீசுல வேல பாத்தவருதான். தெருத்தெருவாத் தண்ணி திறந்து விடுறவரு. இடுப்பு உசரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வச்சிருப்பாரு. ரோட்டுல இருக்கிற மூடியத் தூக்கிட்டு சாவிய உள்ள விட்டுத் திருகுனா அந்தத் தெருவுக்குத் தண்ணி வரும். அதனால எல்லாருக்கும் அவரு சாவிக்காரரு. வாயில்லாப் பூச்சி. காப்பியில சர்க்கர இல்லன்னாலும் கேக்க மாட்டாரு, அப்படியே குடிச்சுட்டுப் போவாரு. ஆனா ஒரே ஒரு விஷயத்துல மட்டும் வாயத் திறந்தாரு. அவங்க குடியிருந்த கடைசித் தெருவுல தண்ணிக் குழாயும் சாக்கடையும் ஒட்டி ஓடுது, குழாயில விரிசல் விட்டிருக்கு, தண்ணி நிறுத்துற நேரத்துல அது சாக்கடைய உள்ள இழுக்குதுன்னு சூப்பிரண்டுகிட்டப் போயி நின்னாரு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. மூணு தடவயும் அந்தாளு சிரிச்சுக்கிட்டே, "பாத்துக்கலாம்ப்பா"ன்னான்.

மழ மாசம் வந்துச்சு. கடைசித் தெருவுல பதினோரு பேருக்கு டைபாய்டு. ஒரு வயசான அம்மாவும் சாவிக்காரரும் போயிச் சேந்தாங்க. மேலாபீசுலருந்து என்னன்னு கேட்டு எழுதுனாங்க. சூப்பிரண்டு பதில் எழுதுனான்: தண்ணியச் சோதிச்சாச்சு, சுத்தமா இருக்கு. அந்த அம்மா வயசாகிப் போனாங்க. எங்க ஊழியருக்குக் குடிப்பழக்கம், ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்துச்சு, காய்ச்சலத் தாங்கல.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆபீசுல தண்ணியச் சோதிக்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடிக்காரருதான் அந்தப் பதிலோட நகலப் படிச்சுக் காட்டுனாரு. அதக் கேட்டுட்டுத்தான் வராந்தாவுல போயி அப்படிக் கத்துனா.

வெளிய இருக்கிறவன் நம்புனாப் பரவாயில்ல. வீட்டுக்குள்ளயே ஒருத்தி நம்புனா. நாத்தனாரு. புருஷன் விட்டுட்டுப் போனதுலருந்து அண்ணன் வீட்டுலதான் இருக்கா. கூடப்பிறந்தவளே சொல்றா:

"ஆபீசுல எழுதியிருக்காங்கல்ல அண்ணி, சும்மாவா எழுதுவாங்க? வெளிய எங்கயாச்சும் குடிச்சிருப்பான். உனக்கு வாசன தெரிஞ்சிருக்காது."

"இருபத்திரெண்டு வருஷம் அந்த மனுஷன் வாய்க்குப் பக்கத்துல படுத்தவ நான்டி. எனக்கு வாசன தெரியாது, பக்கத்து ரூம்ல குறட்ட விட்டவளுக்குத் தெரியுமா?"

"எழுதுனது பொய்யின்னா, அத மாத்தி எழுதச் சொல்லு. அப்ப நம்புறேன்."

 அந்த வார்த்த இவ நெஞ்சுல போயி உக்காந்துக்கிச்சு. மாத்தி எழுதணும். வேற எவனும் எழுதக் கூடாது, அதே கை எழுதணும். காசு பணம் எதுவும் அவ கேக்கல. அந்தக் கை அந்தப் பொய்ய அடிச்சு எழுதணும், அது ஒண்ணுதான் அவளுக்கு வேணும்.

ஒரு மாசம் கழிச்சு சூப்பிரண்டே கூப்பிட்டு விட்டான். செத்தவரு சம்சாரத்துக்கு வேல குடுக்கணும்னு சட்டம் இருக்கு. குடுத்தா வாயும் மூடும்னு கணக்குப் போட்டுட்டான். சோதனை ரூம்ல குப்பி கழுவுற வேல.

"போயிடுவியா நீ? அவன்கிட்டயா?"ன்னு நாத்தனாரு வாயப் பொளந்தா.

"போவேன். தூரத்துல நின்னா கழுத்து கைக்கு எட்டாது."

போனா. வராந்தாவுல கத்துனதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னான், கேட்டா. "துக்கத்துல உளறிட்டேன் சார்"னா. பல்லக் கடிச்சுக் கடிச்சு அவளுக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடவே ஆரம்பிச்சிருச்சு. அன்னைலருந்து ஆபீசுல சூப்பிரண்டு முன்னால அவ ஊமை. வெளிய வந்தா பழைய வாய்தான், அதுக்கு ஒரு குறையும் இல்ல.

சோதனை ரூம் சின்னது. ஒரு கல்லு மேடை, ஒரு தொட்டி, அண்டா மாதிரி ஒரு பெரிய குக்கர், மூலையில பீரோ மாதிரி ஒரு சூட்டுப் பெட்டி. வாரத்துக்கு ஒருநா பன்னெண்டு தெருக் குழாயிலருந்து தண்ணி பிடிச்சுட்டு வருவாங்க. அதுக்குப் பன்னெண்டு குப்பி. அந்தக் குப்பிய மூணு தண்ணியில கழுவி, ஒரு சிட்டிக வெள்ள உப்பு, சோத்து உப்பு இல்ல, சோதனைக்குன்னே வர்ற மருந்து உப்பு, அதப் போட்டு, மூடிய மாட்டி, மேல காகிதம் சுத்தி நூலால கட்டி, குக்கருல வச்சு அவிக்கணும். கண்ணாடிக்காரருதான் சொல்லிக் குடுத்தாரு. நல்ல மனுஷன், ஆனா தும்மறதுக்கே அனுமதி கேக்கற ஜாதி. இவள "தங்கச்சி"ன்னு கூப்பிடுவாரு, இவ "அண்ணே"ம்பா.

இன்னொரு குப்பியும் உண்டு. பதிமூணாவது. அதுல கொதிக்க வச்சு ஆவி பிடிச்சு எடுத்த சுத்தத் தண்ணிய ஊத்தி, மத்த குப்பியோடவே அனுப்பி, மத்த குப்பியோடவே சோதிப்பாங்க. அதுக்குப் பேரு சாட்சிக் குப்பி.

"எதுக்குண்ணே சாட்சி? கல்யாணமா நடக்குது?"

"குப்பி கழுவுன கைக்கு சாட்சி தங்கச்சி. சாட்சிக் குப்பியில அழுக்கு காட்டுனா, தப்பு உன் கையில. அது சுத்தமா இருந்து மத்தது அழுக்குன்னா, தப்பு தெருத் தண்ணியில."

சோதிக்கிற விதமும் அவளுக்குப் பிடிபட்டுப் போச்சு. ஊதாக் கலருல ஒரு சத்துத் தண்ணி. அதுல குழாய்த் தண்ணியக் கலந்து, கண்ணாடிக் குழல்ல ஊத்துவாங்க. உள்ள விரல்நுனி அளவுல இன்னொரு குட்டிக் குழலு தலைகீழா நிக்கும். சூட்டுப் பெட்டியில ஒருநா, ரெண்டுநா இருக்கும். தண்ணியில கழிவு கலந்திருந்தா ஊதா மஞ்சளாகி, குட்டிக் குழலுக்குள்ள காத்து ஏறிக் குமிழா நிக்கும். அதப் பாக்க எழுத்து தெரியணுமா என்ன? கண்ணு இருந்தாப் போதும்.

அவ வேலைக்குச் சேந்த ரெண்டாம் மாசம் சூப்பிரண்டு எட்டிப் பாத்தான். "இந்த உப்பெல்லாம் இனிமே வேணாம்மா. வீண் வேல. அந்தப் பதிமூணாவது குப்பியும் வேணாம்"னான். கண்ணாடிக்காரரு, "சார், அது..."ன்னு இழுத்தாரு. அந்தாளு சிரிச்சுக்கிட்டே அவரு தோள்ல தட்டி, "உங்களுக்கு ரிட்டையராக எத்தன வருஷம்ணே இருக்கு?"ன்னான். அவ்வளவுதான். உப்பு ஜாடி மேல் தட்டுக்குப் போச்சு. அன்னைலருந்து எந்தக் குழல்லயும் குமிழே இல்ல. வாராவாரம் பன்னெண்டு தெருவும் சுத்தம்னு காகிதம் மேல போகும்.

ஆனா கடைசித் தெருவுல பிள்ளைங்களுக்கு வயித்தால போயிக்கிட்டேதான் இருந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அவளுக்கு விஷயம் வெளங்குச்சு. ஒருநா டீ குடிக்கிற நேரத்துல கேட்டா: "ஏண்ணே, தண்ணி சுத்தம்னு நீங்க வாராவாரம் எழுதறீங்க. என் பக்கத்து வீட்டுப் பிள்ள வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகுது. ரெண்டுல எது பொய்யி?"

கண்ணாடிக்காரரு கதவப் பாத்தாரு. ஜன்னலப் பாத்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. தண்ணி பிடிக்கிற அன்னைக்குக் காலையில சூப்பிரண்டு ஊருக்குத் தண்ணி விடுற பெரிய தொட்டியில பிளீச்சிங் பவுடரக் கூடுதலாக் கொட்டச் சொல்லுவான். குழாயில வர்றப்ப அதுக்கு நேரம் பத்தாது, கிருமி பாதி உசுரோடதான் வரும். மனுஷன் அப்படியே பிடிச்சுக் குடிக்கிறான். ஆனா குப்பியில பிடிச்ச தண்ணி நாலு மணி நேரம் ஊரச் சுத்திட்டு வருது. அந்த நேரம் பூரா குப்பிக்குள்ள பவுடரு வேல செஞ்சுக்கிட்டே இருக்கும். மேசைக்கு வர்றதுக்குள்ள எல்லாம் செத்துப் போயிரும். ஒரு சிட்டிக உப்பு இருந்தா, அது பவுடர அந்த நிமிஷமே அடக்கிப் போடும். குழாயில எப்படி வந்துச்சோ அப்படியே நமக்குத் தெரியும்.

"அப்ப எம் புருஷன் செத்த மாசத்துல?"

"அப்பவும் உப்பு போடல தங்கச்சி. அந்த வாரம் மட்டும் வேணாம்னாரு. அது வசதியா இருக்கவே அப்புறம் பழக்கமாக்கிட்டாரு."

அவ டீ டம்ளரக் கீழ வச்சா.  போயிக் குப்பி கழுவுனா.

இங்க ஒண்ணு சொல்லியாகணும், மறைச்சா நல்லா இருக்காது. அன்னைக்கே அவ உப்பப் போட்டிருக்கலாம். போடல. போட்டாக் குமிழு வரும், குமிழு வந்தா சூப்பிரண்டு, "குப்பி சரியாக் கழுவல"ன்னு காகிதத்தக் கிழிச்சுப் போட்டு, இவளயும் வெளிய துரத்திருவான். வெளி ஆளு ஒருத்தரு கண்ணு முன்னாலதான் போடணும்னு காத்துக்கிட்டு இருந்தா. எட்டு மாசம். அந்த எட்டு மாசமும் கடைசித் தெருவுல வீடுவீடாப் போயி, "கொதிக்க வச்சுக் குடிங்கடி"ன்னு சொல்லிட்டு வந்தா. ஏன்னு சொல்லல. "கேஸு உன் அப்பனா வாங்கித் தருவான்?"னு கேட்டா ஒருத்தி. பாதிப் பேரு கொதிக்க வச்சாங்க, பாதிப் பேரு சிரிச்சாங்க. ரெண்டு பிள்ளைங்க ஆஸ்பத்திரியில படுத்து எந்திரிச்சுதுங்க. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்குன்னு அவளே சொல்லுவா. "ஆனா அவன விடுறதா இல்ல"ன்னும் சேத்துச் சொல்லுவா.

அப்புறம் மேலாபீசுலருந்து ஆளு வர்றாங்கன்னு சேதி வந்துச்சு. இந்தச் சோதனை ரூம் எப்படி வேல செய்யுதுன்னு பாக்கறதுக்கு. சூப்பிரண்டு சுவத்துக்கு வெள்ளையடிச்சான், புது மின்விசிறி மாட்டுனான். இவகிட்ட வந்து, "எப்பவும் போலவே குப்பிய ரெடி பண்ணும்மா. எதாச்சும் கேட்டா, தெரியாது, படிக்காதவன்னு சொல்லிரு"ன்னான்.

"சரிங்க சார். படிக்காதவதான சார்."

அன்னைக்கு அவ மேல் தட்டுலருந்து ஜாடிய இறக்குனா. உப்பு கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. குத்திக் குத்தி உடைச்சு, பன்னெண்டு குப்பிக்கும் ஒவ்வொரு சிட்டிக போட்டா. பதிமூணாவது குப்பி ஒண்ண எடுத்து, சுத்தத் தண்ணிய ஊத்தி, அதையும் சேத்து அவிச்சா. கண்ணாடிக்காரரு பாத்துக்கிட்டே இருந்தாரு.  கண்ணாடியக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டாரு.

வந்தது ஒரு அம்மா. குட்டையா, சளி பிடிச்சு, கையில கைக்குட்டையோட இருந்தாங்க. சூப்பிரண்டு நாற்காலி போட்டான், டீ சொன்னான். "டீ வேணாம். குப்பி எங்க?"ன்னாங்க. அவங்களே கூடப் போனாங்க. ஒவ்வொரு குழாய் வாயிலயும் ஸ்பிரிட்டுப் பஞ்ச வச்சுக் கொளுத்தி, ரெண்டு நிமிஷம் தண்ணிய ஓட விட்டு, அவங்க கையாலயே பிடிச்சாங்க. நாலு மணி நேரம் சுத்திட்டு வந்து, அவங்களே குழல்ல ஊத்தி சூட்டுப் பெட்டியில வச்சுப் பூட்டி, சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு நாளு இந்த டவுன்லதான் தங்குனாங்க.

ரெண்டு நாளும் இவளுக்குச் சோறு இறங்கல. "என்ன, மசக்கையா?"ன்னு நாத்தனாரு கிண்டல் பண்ணா. "ஆமா, பெறப் போறேன். வந்து பாரு"ன்னா. சும்மா சொல்லல. மூணாம் நா காலையில கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத்தான் ஆபீசுக்கு வந்தா.

பெட்டியத் திறந்தாங்க. சூப்பிரண்டு சிரிச்சுக்கிட்டே எட்டிப் பாத்தான். பன்னெண்டுல ஏழு தெரு மஞ்சளு. கடைசித் தெருக் குழல்ல குட்டிக் குழலு முழுக்கக் காத்து ஏறி, மெதந்துக்கிட்டு நின்னுச்சு.

அவன் மூஞ்சியில ஈயாடல. ஆனா எமகாதகன், ஒரு நிமிஷத்துல சுதாரிச்சுட்டான். திரும்பி இவளக் கை காட்டுனான். "மேடம், இந்தம்மா படிக்காதது. பாவம்னு வேலைக்கு வச்சோம். குப்பியச் சரியாக் கழுவாது. நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன்."

இதுக்குத்தான் அவ எட்டு மாசம் காத்துக்கிட்டு இருந்தா.

"மேடம், ஓரமா இன்னொரு குழலு இருக்கு பாருங்க. அது சாட்சிக் குப்பி. நீங்க தெருத்தெருவா எடுத்துட்டுப் போன குப்பிப் பெட்டியிலயே போயிட்டு வந்துச்சு. அதையும் இதே கைதான் கழுவுச்சு."

அந்த அம்மா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சாங்க. பிறந்த குழந்த மாதிரி சுத்தம். ஊதா ஊதாவாவே இருந்துச்சு. ஒரு குமிழ் இல்ல.

"கை சுத்தம்"னாங்க அந்த அம்மா. "கிட்டத்தட்ட மூணு வருஷமா இந்தத் தெருவுக்கெல்லாம் ஒரு குமிழ்கூட வரல. இந்தத் தடவ மட்டும் ஏன்?"

"நான் இந்தத் தடவதான் உப்பு போட்டேன் மேடம். வேணாம்னு சொன்னது சாரு."

"பொய்யி! இதுவாத்தான் மறந்துபோயிப் போடாம விட்டிருக்கும்!"னு சூப்பிரண்டு கத்துனான். முதல் தடவயா அவன் பல்லு உள்ள போச்சு.

அப்ப ஒரு இருமல் சத்தம். கண்ணாடிக்காரரு. "நான் கேட்டேன் மேடம். சார்தான் வேணாம்னாரு. எனக்கு ரிட்டையராக அஞ்சு மாசம் இருக்கு, என்ன வேணாப் பண்ணிக்கிடட்டும்." சொல்லிட்டு அந்த மனுஷன் ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. இவளே இத எதிர்பாக்கல. அந்த அம்மா உப்பு ஜாடியக் கேட்டு வாங்கிப் பாத்தாங்க. ஓரமெல்லாம் கல்லாக் கிடந்துச்சு, நடுவுல மட்டும் புதுசாக் கொத்துன குழி. அதையே சாட்சியா மேசையில வச்சுக்கிட்டாங்க.

"மேடம், எம் புருஷன் செத்தப்ப எழுதுன காகிதம் ஒண்ணு இருக்கு"ன்னா இவ.

எடுத்துட்டு வரச் சொன்னாங்க. படிச்சாங்க. மூக்கச் சிந்திட்டு, "இவரு குடிப்பாருன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல மேடம், பொதுவா..."

"ஈரல் கெட்டிருந்துச்சுன்னு?"

"ஒரு... யூகந்தான் மேடம்."

"யூகத்தையா கையெழுத்துப் போட்டு அனுப்புவீங்க? உக்காருங்க. திருத்தி எழுதுங்க. எனக்கு ரெண்டு மணிக்கு வண்டி."

சூப்பிரண்டு உக்காந்தான். பேனாவ எடுத்துத் திறந்தான். இவ மேசைக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டா. "குழாயில சாக்கடை கலக்குதுன்னு அவரு மூணு தடவ வந்து சொன்னாரு. அதையும் எழுதச் சொல்லுங்க மேடம்."

"எழுதுங்க."

எழுதி முடிச்சுக் காகிதத்த நீட்டுனான். இவ வாங்கல. கையப் பின்னால கட்டிக்கிட்டா.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். நீங்கதான் சொன்னீங்களே. படிச்சுக் காட்டுங்க."

வாசல்ல ஆபீசே கூடி நிக்குது. நாத்தனாரு நிலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. படிச்சான். தண்ணியச் சோதிச்ச விதம் தப்பு. இறந்துபோன ஊழியருக்குக் குடிப்பழக்கம் இருந்ததா எழுதுனதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. குழாய் பழுதப் பத்தி அவரு மூணு தடவ தெரிவிச்சும் நான் நடவடிக்க எடுக்கல.

"கேக்கல சார். வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

திரும்பப் படிச்சான். 

"நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டீங்க. அந்தக் குடிப்பழக்கத்த."

மூணாவது தடவயும் படிச்சான். ஒவ்வொரு வார்த்தயா, பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி. அந்த அம்மா தடுக்கவும் இல்ல, தூண்டவும் இல்ல, கைக்குட்டைய மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாத்தனாரு அழுதுட்டா. வீட்டுக்குப் போற வழியெல்லாம், "எங்கண்ணன நானே சந்தேகப்பட்டுட்டேனே அண்ணி"ன்னு மூக்க உறிஞ்சுக்கிட்டே வந்தா.

"அழு. நல்லா அழு"ன்னா இவ. "மூணு வருஷம் பாக்கி இருக்கு. நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

அடுத்த மாசம் கடைசித் தெருவத் தோண்டிப் புதுக் குழாய் போட்டாங்க. தோண்டுனப்ப வெளிய வந்த பழைய குழாயில கைய விடுற அளவுக்கு ஓட்ட. சூப்பிரண்டுக்குப் பதவியக் குறைச்சு, எங்கயோ தூரத்துல ஒரு கிடங்குக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க.

இத்தோட விட்டிருக்கலாம்னு சில பேரு சொல்லுவாங்க. சொல்றவங்க சொல்லட்டும். அவங்க வீட்டு மனுஷன் போகல.

அவன் கிளம்புற அன்னைக்கு ஆபீசுல ஒப்புக்கு ஒரு வழியனுப்பு வச்சாங்க. பிஸ்கட்டும் டீயும். பொண்டாட்டியும் வந்திருந்தா, பட்டுச் சேல, பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. புருஷன் என்ன சொல்லி வச்சிருந்தானோ. ஆபீசு சார்புல ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. அப்புறம் இவ எந்திரிச்சுப் போயி, பூப்போட்ட காகிதத்துல சுத்தி ரிப்பன் கட்டுன ஒரு பொட்டலத்த நீட்டுனா. அவன்கிட்ட இல்ல, அவன் பொண்டாட்டிகிட்ட.

"என்னம்மா இது, எதுக்கு உனக்கு சிரமம்?"னு அந்தப் பொம்பள சந்தோஷமாக் கேட்டா.

"சாரு கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்மா. வீட்டுல மாட்டி வைங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்க ஒரு தடவ படிங்களேன்."

அவன் கைய நீட்டுறதுக்குள்ள அந்தப் பொம்பள காகிதத்தப் பிரிச்சுட்டா. உள்ள அந்தத் திருத்துன காகிதத்தோட நகலு, சீலு போட்டு, கண்ணாடி வச்சு சட்டம் போட்டது. அவ சத்தமாவே படிக்க ஆரம்பிச்சா. ரெண்டாவது வரியில குரலு நின்னுச்சு. தலையத் தூக்கிப் புருஷனப் பாத்தா. அவன் டீ டம்ளருக்குள்ள பாத்துக்கிட்டு இருந்தான். யாரும் பிஸ்கட்ட மெல்லல.

இவ முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டுக் குப்பி கழுவப் போயிட்டா.

சட்டம் போடுற கடைக்காரன் சாதா மரத்துல நூத்தி எண்பதுக்கு முடிச்சுத் தர்றேன்னுதான் சொன்னான். இவதான் கேக்கல. தங்கக் கலரு ஓரம், தடிச்ச கண்ணாடி, மேல மாட்டறதுக்கு வளையம், பூப்போட்ட காகிதம், ரிப்பன் எல்லாம் சேத்து முந்நூத்தி அறுபது. பேரம் பேசவே இல்ல.